குரல் உண்டு, வாக்கு இல்லை: ரொறன்ரோ ஹொக்கி ரசிகர்களின் நீண்ட வழக்கு

செப்ரெம்பர் மாதத்தில் ரொறன்ரோவுக்குப் போகின்றவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். ஸ்காபரோப் பகுதியில் ஏதாவதொரு ‘ரிம் ஹோர்ட்டன்ஸ்’ கோப்பிக் கடைக்குள் நுழையுங்கள். மூலையிலுள்ள மேசையொன்றைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து உரத்த குரலில் வாதிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். மற்றொருவர் ஜமேய்க்காவிலிருந்து வந்தவர். மூன்றாமவர் நம்மூர்க்காரரின் பிள்ளை. பேசுபொருள் அரசியலோ விலைவாசியோ அல்ல. இந்தப் பருவத்தில் முதல் வரிசையில் யார் ஆடுவது, கோல் காப்பாளர் தாங்குவாரா, பொது முகாமையாளருக்குப் புத்தி இருக்கிறதா இல்லையா என்பவையே. என் மருமகன் ஒருவன் அங்கே பிறந்து வளர்ந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் அவனோடு அப்படியொரு மேசையில் அமர நேர்ந்தது. “இந்த முறையும் பின்வரிசைக்கு ஆள் காணாது மாமா, மனேச்மென்ற் விளங்காமல் நிக்குது” என்று அவன் சொன்ன தொனியில், ஏதோ குடும்பச் சொத்து ஏலத்துக்கு வந்துவிட்டது போன்ற கவலை இருந்தது.

அந்தக் கடையின் பெயருக்குரியவர் யார் என்று கேட்டேன். மருமகனுக்குத் தெரிந்திருந்தது. அவனுடைய தந்தைக்கு, இருபத்தைந்து ஆண்டுகளாக அங்கே கோப்பி குடித்தவருக்கு, தெரியவில்லை. ரிம் ஹோர்ட்டன் என்பவர் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் தடுப்பு வீரர். 1962, 1963, 1964, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளில் அந்த அணி ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றபோது அதில் ஆடியவர். வீரர்களுக்குப் பெரும் சம்பளம் கிடைக்காத காலம் அது. ஆட்டம் ஓய்ந்தபின் பிழைக்க வழி வேண்டுமே என்று 1964இல் ஹமில்ரன் நகரில் கடை தொடங்கினார். 1974 பெப்ரவரியில், அப்போது தாம் சேர்ந்திருந்த பஃபலோ அணிக்காக ரொறன்ரோவில் லீஃப்ஸ் அணியை எதிர்த்து ஆடிவிட்டு, இரவோடிரவாகக் காரில் திரும்பும் வழியில் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 44. அவர் கடையில் இருந்துகொண்டே, அவர் ஆடிய அணியைப் பற்றிய தீராத வழக்கு இன்றும் நடைபெறுகிறது.

எல்லா நாட்டு வாசகருக்காகவும் ஒரு சிறு விளக்கம். இங்கே ஹொக்கி என்பது நமது பாடசாலை மைதானங்களில் ஆடப்பட்ட புற்றரை ஹொக்கி அன்று. பனித்தளத்தில், கூரிய சறுக்குக் காலணிகளோடு, கோல் காப்பாளர் உட்பட அணிக்கு ஆறு பேர் நின்று ஆடுவது. வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக் 1917இல் மொன்றியலில் தோன்றியது. ரொறன்ரோ அணி அதே ஆண்டில் அதில் இணைந்தது. இதுவரை அந்த நகருக்குக் கிடைத்த கிண்ணங்கள் 13. கடைசிக் கிண்ணம் 1967இல். அதன்பின் 2025 வரை, இறுதிப்போட்டித் தொடருக்குக்கூட அந்த அணி ஒருமுறையேனும் வரவில்லை. இருந்தும் ஆண்டுதோறும் செப்ரெம்பரில் வழக்கு புதிதாகத் தொடங்குகிறது.

பத்திரிகைத் தொழிலில் விளையாட்டுப் பக்கத்தையும் சில காலம் பார்த்தவன் என்ற வகையில் ரசிகர் கோபம் எனக்குப் புதிதன்று. இலங்கைக் கிரிக்கெற் தெரிவாளர்களைத் திட்டி வரும் கடிதங்களில் பாதியை அச்சிட்டிருந்தால் அவதூறு வழக்குகளிலேயே காலம் கழிந்திருக்கும். எனினும் ரொறன்ரோவின் வரலாற்றைப் படிக்கும்போது ஓர் உண்மை வேறெங்கும் காணாத தெளிவோடு தெரிகிறது. ரசிகர்கள் வீரர்களைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு தடவையும், அணியின் தலைவிதி பனித்தளத்தில் அன்றி, கணக்குப் புத்தகங்கள் இருக்கும் மேல்மாடி அறையிலேயே தீர்மானிக்கப்பட்டது.

முதலில் அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1927இல் கொன் ஸ்மைத் என்ற முன்னாள் இராணுவ அதிகாரி அணியை வாங்கி, அதற்கு மேப்பிள் லீஃப்ஸ் என்று பெயர் மாற்றினார். பெரும் பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய 1931இல், ஐந்தரை மாதங்களுக்குள் ‘மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்’ என்ற அரங்கைக் கட்டி எழுப்பினார். பணம் போதவில்லை. கட்டடத் தொழிலாளர்கள் தமது கூலியின் ஒரு பகுதியை அரங்கின் பங்குகளாகப் பெற்றுக்கொள்ள இசைந்தார்கள். ஆக, ரொறன்ரோ ரசிகன் “நம்முடைய அணி” என்று சொல்வது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. ஆரம்பத்தில் அதற்குச் செங்கல் அடுக்கியவன் கையில் பத்திரமே இருந்தது. அந்தப் பத்திரங்கள் பிற்காலத்தில் யார் கைக்குப் போயின என்பதுதான் கதை.

அரங்கின் கூரைக்கடியில் தொங்கிய ஒரு சிறு கூண்டிலிருந்து ஃபொஸ்ரர் ஹியூவிற் என்பவர் வானொலியில் வர்ணனை செய்தார். சனிக்கிழமை இரவுகளில் அந்தக் குரல் நாடெங்கும், கோதுமை வயல்களுக்கு நடுவே தனித்திருந்த வீடுகளுக்குள்ளும் ஒலித்தது. நமது தலைமுறை இலங்கை வானொலியை எப்படிக் கேட்டதோ அப்படி. ஒரு முறையேனும் ரொறன்ரோவைக் காணாதவர்கள் லீஃப்ஸ் ரசிகர்கள் ஆனது இவ்வாறே.

அக்காலத்திலும் வாதங்கள் இருந்தன. 1942 இறுதித் தொடரில் டெற்றொயிற் அணியிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் லீஃப்ஸ் இழந்தது. பயிற்றுநர் ஹப் டே, அணியின் முன்னணிக் கோல் வீரரான கோர்டி டிறிலனை வெளியே உட்கார வைத்தார். நட்சத்திர வீரனை இறுதித் தொடரின் நடுவில் நீக்குவதைவிட ரசிகரைச் சினமூட்டும் செயல் வேறில்லை. ஆனால் அடுத்த நான்கு ஆட்டங்களையும் வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது அந்த அணி. இந்த வரலாற்றில் முகாமைத்துவத்தின் துணிவு இப்படிப் பலித்த தருணங்கள் மிகச் சில. ஆகவே ஒன்றையாவது முதலில் சொல்லிவிடுகிறேன்.

1961இல் ஸ்மைத் தமது பங்குகளைக் கைமாற்றினார். மகன் ஸ்ரஃபோர்ட் ஸ்மைத், அவருடைய நண்பர் ஹரல்ட் பலார்ட், பத்திரிகை அதிபர் ஜோன் பஸற் ஆகிய மூவர் அதிகாரத்துக்கு வந்தனர். பஞ்ச் இம்லாக் பயிற்றுநராகவும் பொது முகாமையாளராகவும் இருந்தார். 1967 மே 2ஆம் திகதி மொன்றியலை 3-1 என வென்று கிண்ணத்தை உயர்த்தியபோது, அந்த அணியில் கோல் காப்பாளர் ஜொனி பவருக்கு வயது 42, தடுப்பு வீரர் அலன் ஸ்ரான்லிக்கு 41. ஊர் கொண்டாடியது. அடுத்த பருவத்தில் லீக்கின் அணிகள் ஆறிலிருந்து பன்னிரண்டாகப் பெருகின. முதியவர்கள் ஓய்ந்தார்கள். இளையவர்களைத் தேடி வளர்க்க வேண்டிய வேளையில், முதலாளிகளின் கவனம் அரங்கை வேறு எதற்கு வாடகைக்கு விடலாம் என்பதில் இருந்தது.

ஹரல்ட் பலார்ட்டைப் பற்றி விரிவாகப் பேசாமல் இருக்க இயலாது. 1971இல் ஸ்ரஃபோர்ட் ஸ்மைத் இறந்தார். பஸற் அதற்குமுன் விலகியிருந்தார். 1972இல் பலார்ட் அணியினதும் அரங்கினதும் ஏக ஆட்சியாளரானார். அதே ஆண்டில் மோசடி, திருட்டு ஆகிய 47 குற்றச்சாட்டுகளில் குற்றவாளியாகக் காணப்பட்டார். அரங்கின் பணத்தைத் தமது வீட்டு வேலைகளுக்குச் செலவிட்டதும் அவற்றுள் அடங்கும். மூன்றாண்டுச் சிறைத் தண்டனை. ஏறத்தாழ ஓராண்டில் வெளியே வந்து மீண்டும் அதே நாற்காலியில் அமர்ந்தார். பொது நிறுவனம் ஒன்றைக் கொள்ளையிட்டவர் அதே நிறுவனத்துக்குத் தலைவராகத் திரும்பி வருவது நமது நாடுகளில்தான் நடக்கும் என்று எண்ணியிருந்தவன் நான்.

அவருடைய ஆட்சியில் நடந்தவற்றில் சில நம்புதற்கரியவை. வீரர்களின் மேலங்கியில் பெயர் பொறிக்க வேண்டும் என்று லீக் விதி கொண்டுவந்தது. பெயர் தெரிந்துவிட்டால் ஆட்ட விபரப் புத்தகம் விற்பனையாகாது என்று பலார்ட் மறுத்தார். அபராத மிரட்டல் வந்ததும், 1978 பெப்ரவரியில் நீல மேலங்கியில் நீல எழுத்தால் பெயரைத் தைத்து அனுப்பினார். விதி காக்கப்பட்டது, எழுத்து எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. ஹியூவிற் வர்ணனை செய்த அந்தக் கூண்டை 1979இல் கழற்றி எரியூட்டினார். ஒரு நாட்டின் ஒலி நினைவு விறகாயிற்று.

1967 கிண்ணத் தொடரின் சிறந்த வீரர் டேவ் கியோன். 1975இல் அவரைத் தமக்கு வேண்டாம் என்றார் பலார்ட். ஆனால் அவரை எடுக்கும் லீக் அணி ஈடு தர வேண்டும் என்று வலியுறுத்தியதால் வேறெந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அவர் போட்டி லீக் ஒன்றுக்குப் போக நேர்ந்தது. அந்த மனக்கசப்புப் பல பத்தாண்டுகள் நீடித்தது. 2016இல்தான் அணி அவருடைய 14ஆம் இலக்கத்தை முறையாகக் கௌரவித்தது.

ரசிகர்களின் குரல் ஒரே ஒரு முறை வென்றது போலத் தோன்றியது 1979 மார்ச்சில். பயிற்றுநர் றொஜர் நீல்சனை, மொன்றியலிடம் தோற்ற கையோடு பலார்ட் நீக்கிவிட்டார். வீரர்கள் நீல்சன் பக்கம் நின்றனர், மாற்றாளும் கிடைக்கவில்லை. இரண்டு நாளில் அவரையே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லாத பலார்ட், அடுத்த ஆட்டத்துக்கு நீல்சன் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு வரவேண்டும் என்றும், கடைசி நொடியில் அதைக் கழற்றி ‘புதிய பயிற்றுநர் யார்’ என்று காட்ட வேண்டும் என்றும் கேட்டார். நீல்சன் மறுத்து, தம் முகத்தோடே வந்து நின்றார். அரங்கம் ஆர்ப்பரித்தது. பருவம் முடிந்ததும் அவர் மீண்டும் நீக்கப்பட்டார். அந்த ஆர்ப்பரிப்பின் ஆயுள் சில வாரங்களே.

அந்தக் கோடையில் பலார்ட் பழைய இம்லாக்கைப் பொது முகாமையாளராகத் திரும்ப அழைத்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய வெற்றியை மறுபடி வாங்கிவிடலாம் என்ற எண்ணம். அணித்தலைவர் டரில் சிற்லர். 1976 பெப்ரவரி 7ஆம் திகதி பொஸ்ரனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல்களும் நான்கு துணைகளுமாகப் பத்துப் புள்ளிகள் எடுத்துச் சாதனை படைத்தவர். வீரர்களின் சங்கத்தில் ஈடுபாடுள்ளவர், எதிர்த்துப் பேசுபவர். இம்லாக்குக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் சிற்லரின் ஒப்பந்தத்தில் அவருடைய சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது என்ற நிபந்தனை இருந்தது. தலையில் கைவைக்க முடியாதபோது தோளில் வெட்டினார்கள். 1979 டிசம்பர் இறுதியில் சிற்லரின் நெருங்கிய நண்பரும் ரசிகர்களின் செல்லப்பிள்ளையுமான லானி மக்டொனால்ட் கொலராடோ அணிக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆட்டத்துக்கு முன் சிற்லர் தமது மேலங்கியிலிருந்த அணித்தலைவருக்குரிய எழுத்தைப் பிய்த்தெடுத்துவிட்டார்.

ரசிகர்கள் பதாகைகளோடு அரங்கின் வாசலில் திரண்டனர். பத்திரிகைகள் கண்டித்தன. பலார்ட்டோ, சிற்லர் செய்தது நாட்டின் கொடியை எரிப்பதற்குச் சமம் என்ற பாணியில் பேசினார். ஒன்றும் மாறவில்லை. 1982 ஜனவரியில் சிற்லரும் பிலடெல்பியாவுக்குப் போனார். மக்டொனால்ட் 1989இல் கல்கரி அணிக்காக ஸ்ரான்லி கிண்ணத்தை ஏந்தினார்.

ஏன் ஒன்றும் மாறவில்லை? இந்தக் கேள்விக்கான விடை நுழைவுச்சீட்டில் இருக்கிறது. 1946 தொடக்கம் கார்டன்ஸ் அரங்கு மூடப்பட்ட 1999 வரை லீஃப்ஸ் ஆட்டங்களுக்கு இருக்கைகள் விற்றுத் தீர்ந்தபடியே இருந்தன. பருவகால நுழைவுச்சீட்டு குடும்பச் சொத்தாகத் தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது. கோபத்தில் ஒருவர் கைவிட்டால் வரிசையில் காத்திருப்பவர் உடனே வாங்கிக்கொள்வார். 1979-80 முதல் 1988-89 வரை பத்துப் பருவங்களில் ஒன்றிலேனும் லீஃப்ஸின் வெற்றிகள் தோல்விகளை விஞ்சவில்லை. 1984-85இல் 20 வெற்றி, 52 தோல்வி, 8 சமநிலை. இருந்தும் பெட்டி நிறைந்தது. தோற்றாலும் நட்டமில்லை என்ற நிலையில் உள்ள முதலாளிக்கு வெல்வது ஒரு செலவு மாத்திரமே. வாசலில் பதாகை பிடித்து நின்றவர்களில் எத்தனை பேர் ஆட்டம் தொடங்கியதும் சீட்டைக் காட்டி உள்ளே போனார்களோ! அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேசிக்கும் ஒன்றைத் தண்டிப்பதற்கு அதை விட்டு விலகுவதைத் தவிர வேறு வழியில்லை என்றால், பெரும்பாலோர் விலகமாட்டார்கள்.

நம்மவர்கள் பெருந்தொகையாக ரொறன்ரோ வந்து இறங்கியது சரியாக இந்தக் காலத்தில்தான். 1983 யூலைக்குப் பிறகு வந்தவர்கள், குளிரில் இரண்டு வேலை பார்த்துக்கொண்டு, தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் சக தொழிலாளர் வாயிலாக முதன்முதலில் கேட்ட கனேடியப் பேச்சு லீஃப்ஸைத் திட்டும் பேச்சாகவே இருந்திருக்கும். மொழி சரிவர வராதவனும் கலந்துகொள்ளக்கூடிய உரையாடல் அது. நேற்றைய தோல்வியைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டால் போதும், நீங்களும் ஊர்க்காரர்தான்.

அக்காலத்து ரசிகர்கள் திட்டியதில் பெரும்பகுதி நியாயமானது என்பதற்கு 1989 ஒன்றே சான்று. இளம் வீரர் தெரிவின் முதற்சுற்றில் அவ்வாண்டு லீஃப்ஸுக்கு மூன்று வாய்ப்புகள் இருந்தன. மூன்றையும் பெல்வில் என்ற ஒரே சிறு நகரின் ஒரே இளையோர் அணியிலிருந்து எடுத்தார்கள். நாடு முழுவதும் ஆள் அனுப்பித் தேட முதலாளி பணம் தரவில்லை, ரொறன்ரோவிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரம் அவ்வளவுதான் என்று ரசிகர்கள் எள்ளினார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் ரொம் கேர்வர்ஸ் என்ற தடுப்பு வீரருக்காக 1991ஆம் ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவை நியூ ஜேர்சி அணிக்குக் கொடுத்தார்கள். அந்தத் தெரிவில் நியூ ஜேர்சி எடுத்த பையன் ஸ்கொற் நீடர்மயர். அவர் அந்த அணிக்கு மூன்று கிண்ணங்களை வென்று கொடுத்தார்.

வீரர் தெரிவையும் வியாபாரத்தையும் பற்றி அந்த ஊர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், எவரும் பேசாத ஒன்று அந்தக் கட்டடத்துக்குள் நடந்துகொண்டிருந்தது. அரங்கின் ஊழியர்கள் சிலர், ஆட்டச் சீட்டும் வீரர்களின் ஹொக்கி மட்டையும் தருவதாக ஆசை காட்டிச் சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்கள். 1997 பெப்ரவரியில் மார்ட்டின் குறூஸ் என்பவர் தமக்கு நேர்ந்ததைப் பகிரங்கமாகச் சொன்னார். அதன்பின் வேறு பலரும் முன்வந்தனர். குற்றவாளிகளுள் ஒருவனுக்கு அவ்வாண்டு ஒக்டோபரில் வழங்கப்பட்ட தண்டனை இரண்டாண்டுக்கு ஒருநாள் குறைவு. மூன்று நாட்களின் பின் குறூஸ் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 35. அணியின் மீதிருந்த அளவற்ற அன்பே அந்தச் சிறுவர்களைப் பிடிக்கும் தூண்டிலாயிற்று. லீஃப்ஸின் வரலாற்றை எழுதுகின்றவர்கள் பலர் நீல எழுத்துக் கதையைச் சிரித்துச் சொல்லிவிட்டு இதைக் கடந்து போகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

பலார்ட் 1990 ஏப்ரல் 11ஆம் திகதி காலமானார். இருபதாண்டு ரசிகர் போராட்டம் செய்ய முடியாததை இயற்கை செய்தது. 1991இல் பொது முகாமையாளராக வந்த கிளிஃப் பிளெச்சர், 1992 ஜனவரி 2ஆம் திகதி கல்கரியோடு பத்து வீரர்களைக் கைமாற்றி டக் கில்மரைக் கொண்டுவந்தார். அடுத்த முழுப் பருவத்தில் கில்மர் எடுத்த 127 புள்ளிகள் அணியின் சாதனையாயின. 1993 மே மாதம், அரையிறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் லொஸ் ஏஞ்சலிஸின் வெய்ன் கிறெற்ஸ்கியின் மட்டை கில்மரின் முகத்தில் பட்டு இரத்தம் வந்தது. நடுவர் கெரி ஃபிறேசர் தண்டனை கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் கிறெற்ஸ்கியே வெற்றிக் கோலைப் போட்டார். ஏழாவது ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்துக் கதையை முடித்தார். ரொறன்ரோவில் இன்றும் ஃபிறேசரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அறுபது வயதுக்காரரும் எழுந்து நின்று வாதிடுவார்.

ரசிகர் எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. 1994 யூன் 28ஆம் திகதி பிளெச்சர், அணித்தலைவரான வென்டல் கிளார்க்கை கியூபெக் அணிக்கு அனுப்பி, மற்ஸ் சுண்டீன் என்ற சுவீடன் நாட்டு இளைஞரைப் பெற்றார். கிளார்க் முட்டி மோதி ஆடுபவர், மண்ணின் மைந்தர், பலார்ட்டின் இருண்ட நாட்களில் கிடைத்த ஒரே ஆறுதல். ஊரே கொதித்தது. வெளிநாட்டான் மென்மையானவன், தலைமை தாங்கமாட்டான் என்றார்கள். சுண்டீன் பதின்மூன்று பருவங்கள் அங்கே ஆடி, அணித்தலைவராகி, 987 புள்ளிகளோடு அணியின் வரலாற்றிலேயே முதலிடத்தில் நின்று விடைபெற்றார். வந்தேறிகளின் பிள்ளைகளுக்கு அவர் மீது தனிப் பிரியம் இருந்ததை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

பிறகு உரிமை மேலும் விசித்திரமான கைகளுக்குப் போனது. ஒன்ராரியோ மாகாண ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியம் பெரும்பான்மைப் பங்குதாரராயிற்று. ஆசிரியரின் ஓய்வூதியத்துக்கு வேண்டியது உறுதியான வருமானம், கிண்ணமன்று. நிதியத்தின் மீது கோபப்படவும் முடியாது. நிதியம் தன் கடமையைச் செய்தது. 2004-05 பருவம் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் இடையிலான பிணக்கால் முழுமையாக இரத்தானது. அதன்பின் சம்பள உச்சவரம்பு வந்தது. பணக்கார அணியான லீஃப்ஸ் பணத்தால் வீரர்களை வாங்கிக் குவிக்கும் வழி அடைபட்டது. இனி வேண்டியது பொறுமையும் தெரிவும். இரண்டுமே அந்த வீட்டில் பழக்கமில்லாதவை.

இதற்குச் சான்று 2009 செப்ரெம்பர் 18. பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்தன. பொது முகாமையாளர் பிறையன் பேர்க், பொஸ்ரனிடமிருந்து ஃபில் கெசலை வாங்க இரண்டு முதற்சுற்றுத் தெரிவுகளையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவையும் கொடுத்தார். அந்தச் செப்ரெம்பரில் கோப்பிக் கடை மேசைகள் இரண்டாகப் பிளந்தன. இருபத்தொரு வயதில் முப்பது கோல் அடிப்பவன் கிடைப்பது எளிதா என்றது ஒரு கட்சி. நாம் எந்த இடத்தில் முடிப்போம் என்று தெரியாமல் தெரிவை விற்கலாமா என்றது மறு கட்சி. லீஃப்ஸ் முப்பது அணிகளில் 29ஆவதாக முடித்தது. அந்தத் தெரிவால் பொஸ்ரன் பெற்ற ரைலர் செகின், 2011இல் அந்த அணியோடு கிண்ணம் வென்றார். மறு கட்சி வென்றது. வென்று என்ன பயன்? 2012இல் றொஜர்ஸ், பெல் ஆகிய இரு தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 1.32 பில்லியன் டொலருக்கு நிதியத்தின் பங்குகளை வாங்கின. மறு ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி, சுருக்கப்பட்ட பருவம் தொடங்கப் பத்து நாட்களே இருக்கையில், புதிய முதலாளிகள் பேர்க்கை நீக்கினர். தாம் கட்டிய அணி ஒன்பது ஆண்டுகளின் பின் கிண்ணத் தொடருக்குத் தகுதி பெற்றதை அவர் வெளியிலிருந்தே பார்த்தார். அந்தத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், மூன்றாம் பகுதியில் 4-1 என முன்னிலையில் இருந்து பொஸ்ரனிடம் 5-4 எனத் தோற்றது வேறு கதை.

என் மருமகனின் வழக்கு 2019இல் தொடங்குகிறது. மிற்ச் மார்னர், நம்மவர்கள் செறிந்து வாழும் மார்க்கம் நகரில் பிறந்தவர், சிறு வயதிலேயே லீஃப்ஸ் ரசிகர். செப்ரெம்பர் 13ஆம் திகதி, பயிற்சி முகாம் தொடங்கும் வேளையில், ஆறு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 65 மில்லியன் அமெரிக்க டொலருக்கு ஒப்பமிட்டார். ஒஸ்ரன் மத்தியூஸ், ஜோன் ரவாரஸ், வில்லியம் நைலண்டர் ஆகியோருடன் சேர்த்துப் பார்த்தால், நால்வரின் சம்பளமே உச்சவரம்பில் அரைப்பங்கை விழுங்கியது. உச்சவரம்பு ஆண்டுதோறும் ஏறும், சமாளிக்கலாம் என்பது முகாமைத்துவக் கணக்கு. ஆறு மாதத்தில் கொரோனாத் தொற்று வந்தது. அரங்குகள் மூடப்பட்டன. உச்சவரம்பு அப்படியே உறைந்தது. ரசிகரோ முகாமையாளரோ இதை முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. ஆனால் தோல்விக்குப் பழி உள்ளூர்ப் பிள்ளையான மார்னர் தலையில் விழுந்தது. 2017 முதல் 2025 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பின்பருவத்துக்குச் சென்றும், அந்த அணி வென்ற தொடர்கள் இரண்டே. 2023இல் தம்பா பே, 2025இல் ஒட்டாவா. 2025 மே 18ஆம் திகதி புளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில் 6-1 எனத் தோற்றபோது, சிலர் தாம் அணிந்திருந்த மேலங்கிகளைக் கழற்றிப் பனித்தளத்தில் எறிந்தார்கள். யூன் முடிவில் மார்னர் லாஸ் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். மறுநாளே தொலைபேசியில் மருமகன், “போகட்டும் மாமா, நல்லது” என்றான். ஒரு வாரம் கழித்து, “அவன் போயிருக்கக் கூடாது” என்றான்.

அந்த யூலையில், மார்னரைப் பற்றி ஊர் முழுவதும் பேசிக்கொண்டிருக்கையில், பெல் நிறுவனத்தின் பங்கையும் றொஜர்ஸ் 4.7 பில்லியன் கனேடிய டொலருக்கு வாங்கி முடித்துப் பெரும்பான்மை உரிமையாளராயிற்று. அணியை வைத்திருப்பவரே அதன் ஆட்டங்களை ஒளிபரப்புபவரும், ரசிகனின் கைத்தொலைபேசிக்கு மாதக் கட்டணம் அறவிடுபவரும் ஆவார். மருமகனிடம் இதைச் சொன்னேன். “அது தெரியும் மாமா, ஆனா கோல் காப்பாளர்தான் பிரச்சினை” என்றான்.

பழைய கார்டன்ஸ் அரங்கின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1931இல் முதல் ஆட்டத்தில் சிக்காகோவிடம் தோற்றுத் தொடங்கிய லீஃப்ஸ், 1999 பெப்ரவரி 13ஆம் திகதி கடைசி ஆட்டத்திலும் அதே சிக்காகோவிடம் தோற்று அங்கிருந்து வெளியேறியது. கட்டடம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2011இல் கீழ்த்தளம் பேரங்காடியாகவும், பின்னர் மேல்தளம் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்காகவும் மாறியது. அங்காடியின் 25ஆம் வரிசையில், தரையில் ஒரு சிவப்புப் புள்ளி இட்டிருக்கிறார்கள். பனித்தளத்தின் நடுப்புள்ளி அங்கேதான் இருந்தது. நான் போயிருந்தபோது மருமகன் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு அதன்மேல் ஏறி நின்றான். பக்கத்தில் பொருள் எடுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அவனைப் பார்த்து, முன்பின் அறிமுகமில்லாமலே, இந்த வருடம் பின்வரிசை எப்படி என்று கேட்டார். இருவரும் பேசி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. வண்டியில் இருந்த பாலை எடுத்துக்கொண்டு போய்ப் பணம் கட்டியவன் நான்தான்.